ஐ பிராமிஸ் பள்ளி: ஒரே அணியைப் பற்றி இரண்டு தலைப்புச் செய்திகள்

2019 ஏப்ரலில் அமெரிக்காவில் பரவலாகப் பேசப்பட்ட பள்ளிச் செய்தி ஒன்று உண்டு. ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், திறந்து ஒரு வருடம்கூட ஆகாத ஐ பிராமிஸ் என்ற அரசு ஆரம்பப் பள்ளியில், 90 சதவீதப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் தங்களுக்கு வைத்த வளர்ச்சி இலக்கை எட்டினார்கள் அல்லது தாண்டினார்கள் என்பதுதான் செய்தி. அந்தப் பள்ளியில் இருந்தவர்கள் நன்றாகப் படிப்பவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் இல்லை. நகரத்திலேயே படிப்பில் பின்வரிசையில் இருந்தவர்களைத் தேடிச் சேர்த்த பள்ளி அது.

2023 ஜூலையில் அதே பள்ளியைப் பற்றி வேறொரு செய்தி வந்தது. அந்த ஆண்டு எட்டாம் வகுப்புக்குப் போகவிருந்த அணியில், அதாவது வருடா வருடம் ஒன்றாக வகுப்பேறி வந்த பிள்ளைகள் கூட்டத்தில், மூன்றாம் வகுப்புக்குப் பிறகு ஒரு பிள்ளைகூட மாநிலக் கணக்குத் தேர்வில் தேறவில்லை.

2023ல் எட்டாம் வகுப்புக்குப் போகிறவர்கள் 2018-19ல் எந்த வகுப்பில் இருந்திருப்பார்கள்? மூன்றில். அதாவது, முதல் செய்தியில் கொண்டாடப்பட்ட அதே மூன்றாம் வகுப்பைத்தான் இரண்டாவது செய்தியும் பேசுகிறது. இடையில் சிலர் விலகியிருப்பார்கள், சிலர் புதிதாக வந்திருப்பார்கள். ஆனாலும் அணி அதேதான்.

பள்ளியின் பின்னால் இருப்பவர் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் என்பதால் ரசிகர் சண்டையும் அரசியல் சண்டையும் இதில் சேர்ந்துகொண்டன. முதல் செய்திக்கு அற்புதம் என்றார்கள். இரண்டாவதற்கு, எல்லாம் விளம்பரம் என்றார்கள். எண்கள் அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போயின. என் கணக்கில் இரண்டு செய்தியும் உண்மை. முதலாவது பிள்ளைகள் எவ்வளவு தூரம் நகர்ந்தார்கள் என்று சொல்கிறது, இரண்டாவது அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்கிறது. குறைந்த மதிப்பெண்ணையே நுழைவுச் சீட்டாக வைத்திருக்கும் ஒரு பள்ளியில் இரண்டாவது எண் பெரும்பாலும் வாசலிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதற்காக அந்தப் பூஜ்ஜியத்தை அப்படியே விட்டுவிடவும் முடியாது.

யாருடைய பள்ளி?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். இது லெப்ரான் நடத்தும் தனியார் பள்ளி இல்லை. அரசுப் பணத்தில் தனியார் அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளியும் இல்லை. ஆக்ரன் பொதுப் பள்ளி நிர்வாகத்தின் கீழ் இருக்கிற, நகரத்து ஆசிரியர்கள் பாடம் நடத்துகிற, வரிப்பணத்தில் ஓடுகிற சாதாரண அரசுப் பள்ளி. 2019 நிலவரப்படி அதன் சுமார் 20 லட்சம் டாலர் பட்ஜெட்டை நகரப் பள்ளி நிர்வாகமே கொடுத்தது. தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் மற்றப் பள்ளிகளுக்குக் கொடுப்பதும் ஏறக்குறைய அதே தொகைதான். அதற்கு மேல் லெப்ரான் ஜேம்ஸ் குடும்ப அறக்கட்டளை ஏறக்குறைய 6 லட்சம் டாலர் கொடுத்தது. வகுப்பில் தலை எண்ணிக்கையைக் குறைக்கக் கூடுதல் ஆசிரியர்கள், பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேர வகுப்பு, தனிப்பயிற்சி ஆகியவற்றுக்கு அந்தப் பணம் போனது.

ஆக்ரன் பற்றித் தெரியாதவர்களுக்கு: ஒரு காலத்தில் உலகத்தின் ரப்பர் தலைநகர் என்று பெயர் எடுத்த ஊர். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச், ஜெனரல் டயர் எல்லாமே அங்கே வளர்ந்தவைதான். 1960ல் 2,90,000 பேர் இருந்த ஊரில் 2020 கணக்கெடுப்பில் 1,90,000 பேர்தான். டயர் ஆலைகள் மூடினதும் வேலை போனது, வேலையோடு ஜனமும் போனது. அமெரிக்காவில் பள்ளிகளுக்கு உள்ளூர்ச் சொத்து வரி முக்கிய வருமானம் என்பதால், வீட்டு மதிப்பு சரிந்த ஊரில் பள்ளிப் பணமும் சரியும். சொத்து வரியை இந்த அளவுக்கு நம்பியிருக்கும் முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று ஒஹாயோ உச்ச நீதிமன்றமே 1997ல், டீரோல்ஃப் வழக்கில், தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்ததே தவிர, அடுத்த பல வருடங்களுக்குப் பெரிதாக எதுவும் மாறவில்லை.

லெப்ரான் இந்த ஊர்க்காரர். 16 வயதுத் தாய்க்கு 1984 டிசம்பரில் பிறந்தவர். வாடகை வீடு மாறி மாறி, உறவினர், நண்பர் வீட்டு சோபாக்களில் தூங்கி வளர்ந்தவர். நான்காம் வகுப்பில் 83 நாள் பள்ளிக்கே போகவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பள்ளி தொடங்கும் யோசனை இந்த 83 நாளில் இருந்து வந்தது என்றுகூடச் சொல்லலாம். பிள்ளை படிக்காததற்கு முதல் காரணம் பாடம் புரியாதது இல்லை, பள்ளிக்கு வர முடியாத வீட்டு நிலைமைதான் என்ற நம்பிக்கை இந்தப் பள்ளியின் அடித்தளம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எண்கள் இன்னும் தெளிவாகும்.

2018 ஜூலை 30ஆம் தேதி, மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலுமாக 240 பிள்ளைகளுடன் பள்ளி திறந்தது. வருடத்துக்கு ஒரு வகுப்பாக எட்டாம் வகுப்பு வரை உயர்த்துவது திட்டம். பள்ளி நேரமும் பள்ளி ஆண்டும் மற்றப் பள்ளிகளைவிட நீளம். சீருடை இலவசம். காலை உணவு, மதிய உணவு, மாலைச் சிற்றுண்டி இலவசம். ஒரு சைக்கிளும் ஹெல்மெட்டும் உண்டு. வாசல் கூடத்துச் சுவர் முழுக்க லெப்ரான் விளையாடியபோது போட்டிருந்த ஷூக்கள் நூற்றுக்கு மேல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். புகைப்படக்காரர்கள் எல்லோரும் அந்தச் சுவரைத்தான் எடுத்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே கட்டடத்தில் இருக்கும் குடும்ப உதவி மையம். அங்கே மளிகைச் சாமான் அலமாரி உண்டு, பெற்றோர் வந்து வேண்டியதை எடுத்துப் போகலாம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அம்மா அப்பாக்கள் ஜிஇடி என்ற பள்ளியிறுதிக்கு இணையான தேர்வுக்கு அங்கேயே படிக்கலாம். 2020ல் வீடில்லாத குடும்பங்கள் தற்காலிகமாகத் தங்க ஒரு குடியிருப்பையும் அறக்கட்டளை திறந்தது. பள்ளி இறுதி வரை முடித்துத் தகுதி பெறுகிற பிள்ளைக்கு ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் கட்டணமில்லாப் படிப்பும் வாக்குறுதியில் சேர்த்தி.

உள்ளே வந்தவர்கள் யார்?

இரண்டாம் வகுப்புத் தேர்வில் 10 முதல் 25 பெர்சென்டைலுக்குள் இருந்த பிள்ளைகளை நகர நிர்வாகம் பட்டியல் எடுத்தது. அந்தப் பட்டியலில் இருந்து குலுக்கல் முறையில் இடம். பெர்சென்டைல் நம்மவர்களுக்குப் புதிதில்லை. ஜேஇஇ முடிவு பார்த்த வீடுகளில் அது தினசரிப் பேச்சு. 10 பெர்சென்டைல் என்றால் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் உங்களுக்குக் கீழே பத்துப் பேர்தான். பொதுவாக ஒரு பள்ளியில் எல்லா மாதிரிப் பிள்ளைகளும் கலந்து இருப்பார்கள். ஏழைப் பகுதிப் பள்ளியிலும் நன்றாகப் படிக்கிற நாலு பேர் இருப்பார்கள். சராசரியைத் தூக்கிப் பிடிப்பதே அவர்கள்தான். இங்கே அந்த நாலு பேர் வாசலிலேயே தடுக்கப்பட்டுவிட்டார்கள். மற்றப் பள்ளிகள் கூச்சத்தோடு மறைக்கிற ஒரு விஷயத்தை இந்தப் பள்ளி சேர்க்கை விதியாகவே வைத்தது.

2019ல் பிள்ளைகளின் பின்னணி இப்படி இருந்தது. 60 சதவீதம் கறுப்பினப் பிள்ளைகள். 29 சதவீதம் சிறப்புக் கல்வி தேவைப்படுகிறவர்கள். அமெரிக்கா முழுவதும் இந்த விகிதம் 14 சதவீதம் அளவில்தான், ஆகவே இங்கே இரு மடங்கு. 15 சதவீதம் ஆங்கிலத்தை இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர்கள். நாட்டு சராசரி 10 சதவீதம். ஒஹாயோவின் ஒரு பழைய ஆலை நகரத்தில் ஆங்கிலம் தெரியாத பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்கலாம். பூட்டானில் இருந்து விரட்டப்பட்டு நேபாள முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்த நேபாளி பேசும் அகதிகள் பலர் ஆக்ரனின் நார்த் ஹில் பகுதியில் குடியேறியிருக்கிறார்கள். நகரத்துப் பள்ளிகளில் அந்தக் குழந்தைகளின் எண்ணிக்கை கணிசமானது. பள்ளியின் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்கு அரசு உதவி பெறும் அளவுக்கு வருமானம் குறைந்தவர்கள்.

அமெரிக்கப் பள்ளிகளின் தரவரிசைத் தளங்களில் மாணவர் பின்னணி என்று ஒரு கட்டம், மதிப்பெண் என்று இன்னொரு கட்டம் தனித்தனியாக இருக்கும். வீடு வாங்கப் போகிற பெற்றோர் இரண்டாவதை மட்டும் பார்த்துவிட்டு நல்ல பள்ளி, மோசமான பள்ளி என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் இரண்டாவது கட்டம் பெரும்பாலும் முதல் கட்டத்தின் நிழல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் நாடு முழுவதும் கோடிக்கணக்கான தேர்வு முடிவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து பார்த்தபோது இது துல்லியமாகத் தெரிந்தது. மூன்றாம் வகுப்பில் ஒரு பள்ளி மாவட்டத்தின் சராசரி மதிப்பெண் அந்த ஊர்ப் பெற்றோரின் வருமானத்தோடும் படிப்போடும் ஒட்டிப் போகிறது. ஆனால் மூன்றாம் வகுப்பில் இருந்து எட்டாம் வகுப்புக்குள் பிள்ளைகள் எவ்வளவு வளர்கிறார்கள் என்ற எண், வருமானத்தோடு அவ்வளவாக ஒட்டவில்லை. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த சிகாகோ அந்த ஐந்து வருடத்தில் ஆறு வருட வளர்ச்சி காட்டியது. வீடு கொடுத்தது மூன்றாம் வகுப்பு மதிப்பெண்ணில் தெரிகிறது, பள்ளி கொடுத்தது அதற்கு அப்புறமான வளர்ச்சியில் தெரிகிறது என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். ஐ பிராமிஸ் பள்ளியையும் இந்த அளவுகோலில்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும். அது பள்ளிக்குச் சாதகமாகவே இருக்கும் என்று அவசரப்பட்டு நினைக்க வேண்டாம்.

முதல் வருட எண்கள்

2019ல் சொல்லப்பட்ட 90 சதவீதம் எம்ஏபி என்ற தேர்வில் இருந்து வந்தது. என்டபிள்யூஇஏ என்ற அமைப்பு நடத்தும் கணினித் தேர்வு இது. சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமாகும், தவறினால் எளிதாகும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்பு நிலையில் இருந்தாலும் அந்த நிலையைச் சரியாகக் காட்டும். வருடத்தில் இரண்டு மூன்று முறை வைத்து வளர்ச்சியை அளக்கலாம். பாஸ், ஃபெயில் கிடையாது.

அந்த ஒரு வருடத்தில் மூன்றாம் வகுப்பு வாசிப்பில் 1 பெர்சென்டைலில் இருந்து 9க்கு வந்தது. கணக்கில் 1ல் இருந்து 18க்கு. நான்காம் வகுப்பு கணக்கில் 2ல் இருந்து 30க்கு. 10 முதல் 25 பெர்சென்டைலில் இருந்த பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு வகுப்பு 1 பெர்சென்டைலில் இருந்தது என்றால் கணக்கு இடிக்கிறதே என்று தோன்றும். இடிக்கவில்லை. பிள்ளைகளைப் பிள்ளைகளோடு ஒப்பிடுவது வேறு, ஒரு வகுப்பின் சராசரியை நாட்டின் மற்ற வகுப்புகளின் சராசரியோடு ஒப்பிடுவது வேறு. 15 பெர்சென்டைலில் இருக்கும் ஒரு பிள்ளை அபூர்வம் இல்லை. எந்த வகுப்பிலும் ஓரிருவர் இருப்பார்கள். ஆனால் வகுப்பில் இருக்கிற எல்லோருமே 15 பெர்சென்டைலில் இருக்கும் வகுப்பு நாட்டில் அநேகமாக வேறெங்கும் இருக்காது. அதனால்தான் வகுப்பாகப் பார்க்கும்போது அடிமட்டம். அதே தர்க்கப்படி, 1ல் இருந்து 18க்குத் தாவியது செய்தியில் தெரிந்த அளவுக்குப் பெரிய தாவலும் இல்லை. வகுப்புச் சராசரிகள் நெருக்கமாக நிற்பதால் ஒவ்வொரு பிள்ளையும் ஓரளவு முன்னேறினாலே வகுப்பு பல படி ஏறிவிடும்.

90 சதவீதம் என்ற எண்ணையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். எம்ஏபியில் வழக்கமான வளர்ச்சி இலக்கு என்பது, அதே மதிப்பெண்ணில் தொடங்கிய மற்றப் பிள்ளைகள் சராசரியாக எவ்வளவு வளர்கிறார்களோ அதுதான். அப்படிப் பார்த்தால் நாடு முழுவதும் சேர்த்துச் சுமார் பாதிப் பேர் எட்டுவார்கள், பாதிப் பேர் எட்டமாட்டார்கள். 90 பிரமாதம். ஆனால் அதே வருடம் ஆக்ரன் நகரப் பள்ளிகள் எல்லாவற்றையும் சேர்த்து 70 சதவீதம் பேர் இலக்கை எட்டினார்கள். ஆகவே 90ஐ 50ஓடு அல்ல, 70ஓடு ஒப்பிட வேண்டும். அப்படியும் நல்ல முன்னிலைதான். என்டபிள்யூஇஏவின் பள்ளி அளவுகோலில் வளர்ச்சி வேகம் நூற்றுக்கு 99 பள்ளிகளைவிட அதிகம் என்று நகர நிர்வாகம் சொன்னது.

இதற்குப் புள்ளியியல் தெரிந்தவர்கள் உடனே ஒரு மறுப்புச் சொல்வார்கள். ஒரு தேர்வில் மிக மோசமாகச் செய்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து மறுபடி தேர்வு வைத்தால் எதுவுமே சொல்லிக் கொடுக்காவிட்டாலும் சராசரி கொஞ்சம் ஏறும். அன்றைக்குக் காய்ச்சலாக இருந்தவன், வீட்டில் சண்டை நடந்தபின் வந்தவள், கேள்வியைத் தப்பாகப் படித்தவன் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். அடுத்த முறை அவர்கள் தங்கள் இயல்பான இடத்துக்குத் திரும்புவார்கள். நியாயமான மறுப்பு. ஆனால் இங்கே பாதிதான் பொருந்தும். பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தது இரண்டாம் வகுப்புத் தேர்வை வைத்து. வளர்ச்சியை அளந்தது பள்ளி திறந்தபின் வைத்த தேர்வுக்கும் வருட இறுதிக்கும் இடையில். இயல்பான இடத்துக்குத் திரும்புவது பெரும்பாலும் அந்த முதல் தேர்விலேயே நடந்து முடிந்திருக்கும். எனவே 2019 வளர்ச்சியில் கணிசமான பங்கு உண்மையான வளர்ச்சி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இதில் என் வருத்தம் வேறு. அது ஒரே ஒரு வருடத்து எண். புதுப் பள்ளி, தாங்களே விரும்பி வந்த ஆசிரியர்கள், தேசிய ஊடகங்களின் கேமரா, உற்சாகம் பொங்குகிற முதல் வருடம். அந்த எண்ணை வைத்து அற்புதம் என்று எழுதியவர்கள்தான் 2023ன் ஏமாற்றத்துக்குப் பாதி காரணம்.

பூஜ்ஜியம் எப்படி வந்தது?

மாநிலத் தேர்வு வேறு மாதிரி. மூன்றாம் வகுப்பில் இருக்கும் எல்லோருக்கும் மூன்றாம் வகுப்புக் கேள்விகள், ஏழாம் வகுப்பில் இருக்கும் எல்லோருக்கும் ஏழாம் வகுப்புக் கேள்விகள். ஒஹாயோவில் தேர்ச்சிக் கோடு 700. ஒரு பிள்ளை 640ல் இருந்து 690க்கு ஏறினாலும் தேர்ச்சி விகிதத்தில் அது பூஜ்ஜியம். பக்கத்து ஊரில் வசதியான வீட்டுப் பிள்ளை 760ல் இருந்து 710க்கு இறங்கினாலும் தேர்ச்சி. இரண்டு பள்ளிகளில் எது நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது என்று தேர்ச்சி விகிதத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அது மட்டும் இல்லை, கோடும் மேலே போகிறது. ஒஹாயோவில் மூன்றாம் வகுப்புக் கணக்கில் தேறுகிறவர்களைவிட ஏழாம் வகுப்புக் கணக்கில் தேறுகிறவர்கள் குறைவு. மாநிலம் முழுவதுமே அப்படித்தான். வரிசையில் அதே இடத்தில் நிற்கும் பிள்ளைக்குக்கூட வருடத்துக்கு வருடம் 700 எட்டாத தூரமாகிக்கொண்டே போகும்.

அப்புறம் கொரோனா. 2020 மார்ச்சில் ஒஹாயோ பள்ளிகளை மூடியது. அந்த வருடம் மாநிலத் தேர்வே நடக்கவில்லை. ஆக்ரன் நகரப் பள்ளிகள் 2020-21ன் பெரும்பகுதியை வீட்டிலிருந்தபடி, திரையில் நடத்தின. இந்த அணியின் வயதை வைத்துப் பாருங்கள். மூடியபோது அவர்கள் நான்காம் வகுப்பு. திரையில் படித்தது ஐந்தாம் வகுப்பு.

நான்காவதும் ஐந்தாவதும் கணக்கில் சாதாரண வருடங்கள் இல்லை. பின்னக் கணக்கின் வருடங்கள் அவை. மூன்றாம் வகுப்பில் ரொட்டியை நாலாக வெட்டி ஒரு துண்டு கால் பாகம் என்று அறிமுகம் செய்வார்கள். நான்கில் பகுதி ஒன்றாக இருக்கும் பின்னங்களைக் கூட்டக் கற்பார்கள், 3/4ம் 6/8ம் ஏன் ஒன்று என்று புரிந்துகொள்வார்கள். ஐந்தில் பகுதி வேறுபட்ட பின்னங்களைக் கூட்டல், பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கல். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளையின் நோட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான், மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறது என்று ஆசிரியருக்குப் புரியும். காகிதத்தை மடித்துக் காட்டி அங்கேயே திருத்திவிடலாம். கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் அது நடக்காது. ஆறிலும் ஏழிலும் வருவது விகிதம், விகிதசமம், சதவீதம். எல்லாமே பின்னத்தின் மேல் கட்டப்பட்டவை. அடியில் பின்னம் இல்லாமல் ஏழாம் வகுப்புத் தாளில் 700 எடுப்பது நடக்கிற காரியம் இல்லை.

வாசிப்பில் வீடு கொஞ்சம் கைகொடுக்கும். தெருப்பலகை, செல்போன், அம்மாவின் பேச்சு எதிலாவது சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கணக்கு கிட்டத்தட்ட முழுக்கப் பள்ளியில்தான் நடக்கிறது. பள்ளி நின்றபோது கணக்கு அதிகம் அடிபட்டதற்குக் காரணம் அதுதான். நாடு தழுவிய என்ஏஇபி தேர்வில் 2019க்கும் 2022க்கும் இடையில் எட்டாம் வகுப்புக் கணக்குச் சராசரி 282ல் இருந்து 274க்கு விழுந்தது. அந்தத் தேர்வின் வரலாற்றிலேயே கணக்கில் அவ்வளவு பெரிய சரிவு இல்லை. வசதியான வீடுகளில் டியூஷன் வைத்துச் சமாளித்தார்கள். நான்கில் மூன்று குடும்பம் அரசு உதவியில் இருக்கும் பள்ளியில் யார் வைப்பது?

இவ்வளவும் பூஜ்ஜியத்துக்கான விளக்கம். ஆனால் முழு விளக்கம் இல்லை. 10 முதல் 25 பெர்சென்டைலில் தொடங்கிய ஓர் அணியில், நல்ல ஆசிரியரோ கூடுதல் நேரமோ கிடைத்தால், ஐந்து வருடத்தில் ஒரு சிலராவது நடு வரிசைக்கு வந்திருக்க வேண்டும். பத்தில் ஒருவர் என்று வைத்துக்கொண்டாலும் எண் பூஜ்ஜியமாக இருக்காது. அடுத்தடுத்து நடந்த தேர்வுகளில் ஒருவர்கூட இல்லை என்பது பிள்ளைகளின் பின்னணி மட்டுமே முன்கூட்டிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. 2019ல் ஒரே வருடத்தில் 1ல் இருந்து 18க்கு ஏறிய வகுப்பு இது என்பதை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது. ஏறியது தங்கவில்லை. கொரோனா ஒரு காரணம். 2021-22, 2022-23 இரண்டு முழு வருடங்கள் பிள்ளைகள் நேரில் வந்த பிறகும் அந்த ஓட்டையை அடைக்கவில்லை என்பது இன்னொரு காரணம். இரண்டாவதற்குப் பள்ளிதான் பொறுப்பு.

2023 ஜூலையில் நகரக் கல்வி வாரியக் கூட்டத்தில் இந்த முடிவுகளை வைத்தபோது, இவ்வளவு வசதி செய்து கொடுத்தும் எதிர்பார்த்த மாற்றம் தெரியவில்லையே என்று வாரியத் தலைவர் ஏமாற்றத்தை வெளிப்படையாகவே சொன்னார். பள்ளியின் இரண்டு பிரிவு மாணவர்கள், அதாவது கறுப்பினப் பிள்ளைகளும் சிறப்புக் கல்விப் பிள்ளைகளும், மாநிலத்தின் கடைசி 5 சதவீதத்தில் இருந்ததால், தனிக் கவனம் தேவைப்படும் பள்ளிகள் பட்டியலில் மாநிலக் கல்வித் துறை அதைச் சேர்த்திருந்தது. அறக்கட்டளை தரப்பில், இது நீண்ட கால முயற்சி, நாங்கள் பாதியில் விட்டுப் போகிறவர்கள் இல்லை என்று பதில் வந்தது. இரு தரப்பும் ஒருவர் கேள்விக்கு மற்றவர் பதில் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பட்டது. வாரியம் கணக்கைப் பற்றிக் கேட்டது. அறக்கட்டளை குடும்பத்தைப் பற்றிப் பேசியது.

குடும்பமும் கரும்பலகையும்

லெப்ரானின் 83 நாளுக்கு இங்கே திரும்ப வேண்டியிருக்கிறது. வீட்டு நிலைமை சரியானால் பிள்ளை பள்ளிக்கு வரும் என்பது உண்மை. அவர் வாழ்க்கையே சாட்சி. ஐந்தாம் வகுப்பில் ஒரு பயிற்சியாளர் குடும்பம் அவரைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டதும் வருகை சீராகிவிட்டது. ஆனால் வந்த பிள்ளைக்குப் பின்னக் கணக்கு தானாக வராது. மளிகைச் சாமான், சீருடை, சைக்கிள், தங்க இடம் இவையெல்லாம் பிள்ளையை வகுப்பறைக் கதவு வரை கொண்டுவந்து விடும். கதவுக்கு உள்ளே நடப்பது தனித் தொழில். இரண்டாம் வகுப்பு நிலையில் இருக்கும் பிள்ளையை ஐந்தாம் வகுப்புப் பாடத்துக்கு எப்படி இழுப்பது, எதை விடுவது, எதை முதலில் சொல்வது என்று தெரிந்த கணக்கு ஆசிரியர் அமெரிக்காவின் எந்த ஏழை நகரத்திலும் எளிதில் கிடைப்பதில்லை.

ஐ பிராமிஸ் மாதிரியில் பணமும் கவனமும் பெரும்பாலும் கதவுக்கு வெளியே போயிருக்கிறது என்பது என் வாசிப்பு. அது வீண் என்று சொல்லவில்லை. பசியோடு இருக்கும் பிள்ளைக்கு யாரும் பின்னம் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆனால் அந்த உதவிகளின் பலனைக் கணக்குத் தேர்வில் தேடியது ஊடகங்களின் தப்பு, தேடச் சொன்னது பள்ளியின் தப்பு. 2019ல் 90 சதவீதத்தைப் பெருமையோடு வெளியிட்ட பிறகு, 2023ல் மதிப்பெண் மட்டும் போதுமா என்று கேட்டால் எடுபடாது.

ஒரு நல்ல வாய்ப்பும் இந்தப் பள்ளியிடம் இருக்கிறது. குலுக்கல். பட்டியலில் ஒரே மாதிரி இருந்த பிள்ளைகளில் சீட்டு விழுந்தவர்கள் ஐ பிராமிஸுக்கும், விழாதவர்கள் நகரத்தின் மற்றப் பள்ளிகளுக்கும் போனார்கள். பின்னணி, வருமானம், தொடக்க மதிப்பெண் எல்லாம் ஒன்று. அதிர்ஷ்டம் மட்டும் வேறு. இந்த இரண்டு கூட்டத்தின் ஏழாம் வகுப்புக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பள்ளி எவ்வளவு கொடுத்தது என்ற கேள்விக்கு எந்தப் பத்திரிகைத் தலைப்பையும்விட நேர்மையான பதில் கிடைக்கும். சீட்டு விழாதவர்களிலும் யாரும் தேறவில்லை என்றால் இந்தப் பூஜ்ஜியத்தின் அர்த்தம் ஒன்று. அங்கே பத்துப் பேர் தேறியிருந்தால் அர்த்தமே வேறு. வருகைப் பதிவு, ஒழுங்கு நடவடிக்கை, ஊர் மாறிப் போனவர்கள் என்று மற்ற விஷயங்களையும் அப்படியே ஒப்பிடலாம். குடும்பத்துக்குச் செய்த உதவி எங்காவது தெரியும் என்றால் முதலில் அங்கேதான் தெரியும்.

2018-19ல் மூன்றாம் வகுப்பில் இருந்த அந்த அணி 2024ல் எட்டாம் வகுப்பை முடித்தது. அதற்கு அடுத்தது உயர்நிலைப் பள்ளி. ஒஹாயோவில் பள்ளி இறுதிச் சான்றிதழ் வாங்க அல்ஜீப்ரா 1 தேர்விலும் ஆங்கிலத் தேர்விலும் 684 எடுக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. எடுக்க முடியாதவர்கள் உதவி வகுப்பில் சேர்ந்து ஒரு முறையாவது மறுபடி எழுத வேண்டும். அப்போதும் வரவில்லை என்றால் தொழிற்பயிற்சிச் சான்று, கல்லூரிப் பாடம், ராணுவத்தில் சேர ஒப்பந்தம் என்று மாற்று வழிகள் உண்டு. ஆக்ரன் பல்கலைக்கழகத்தின் இலவசப் படிப்பு அந்தச் சான்றிதழுக்கு அப்புறம்தான். இந்த அணிக்கு அந்த வருடம் 2028.